சீனிக்குக் கட்டிய வீடு

(தொழிற்சங்கக் கல்வி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று லண்டனில் உள்ள ஒரு பழைய களஞ்சியக் கட்டடத்தைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும், முன்வரிசையில் இருக்கும் அக்கா ஒருவர் பக்கத்தில் இருப்பவரிடம் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. "சம்பளம், சேமலாப நிதி, காணி, வீடு என்று இத்தனை கிடக்க, லண்டன் கட்டடம் எதுக்கு?" நியாயமான கேள்வி. பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன். நம் மலையகத்தில் பழைய ஸ்டோர்கள் பல மூடிக் கிடக்கின்றன. கந்தப்பளையில் ஹெதர்செட் தோட்டத்து ஸ்டோர் ஹோட்டலாகிப் பல வருடமாகிறது. கண்டி ஹந்தானையில் 1925இல் கட்டிய ஸ்டோர் தேயிலை அருங்காட்சியகமாக இருக்கிறது. இன்னும் பல இப்படி மாறும். அளவு நாடாவோடு ஆட்கள் வருவார்கள். மரம் என்ன மரம், இயந்திரம் எந்த நாட்டுச் சாமான், எந்தத் துரை காலத்தில் கட்டியது என்று கேட்பார்கள். உள்ளே வேலை செய்தவர்கள் யார் என்று கேட்பார்களா? கேட்டால் நம்மிடம் பதில் இருக்கிறதா?

ஒரு கட்டடத்தைப் பார்க்கத் தெரிந்தவனுக்கு, அதைக் கட்டியவன் எதைப் பெரிதாக நினைத்தான், யாரைக் கண்டு பயந்தான் என்பது தெரிந்துவிடும். அப்படிப் பார்த்துப் பழக இந்த லண்டன் கட்டடம் நல்ல பாடம். ஏனென்றால் அதுவும் தோட்டத்துச் சரக்குக்காகக் கட்டப்பட்டதுதான். நான் லண்டன் போனவனில்லை. படங்களையும் வரைபடங்களையும் புத்தகங்களையும் வைத்துக்கொண்டுதான் பேசுகிறேன்.

லண்டன் நகரத்துக்கு நடுவே தேம்ஸ் என்ற ஆறு ஓடுகிறது. அந்தக் காலத்தில் கப்பல்கள் கடலிலிருந்து ஆற்று வழியாகவே ஊருக்குள் வரும். மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து சீனி, ரம், கோப்பி ஏற்றிய கப்பல்கள் பருவத்துக்கு ஒன்றாக வந்து சேரும். ஆற்றில் நிற்க இடமிருக்காது. சரக்கை இறக்க வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இதற்குத் தீர்வாக, ஆற்றின் வளைவில் 'நாய்த் தீவு' என்று சொல்லப்படும் தாழ்ந்த நிலத்தில் பெரிய குளம் ஒன்றை வெட்டினார்கள். ஆற்றுக்கும் குளத்துக்கும் நடுவில் மதகு வைத்தார்கள். ஆற்றுத் தண்ணீர் கடல் வற்றுப் பெருக்கோடு ஏறினாலும் இறங்கினாலும் குளத்துத் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். கப்பல் மதகு வழியாக உள்ளே வந்து அமைதியாகச் சரக்கு இறக்கலாம். இதைத்தான் டொக் என்கிறார்கள். 1799இல் பாராளுமன்றத்தில் சட்டம் போட்டு, 1802 ஆகஸ்ட் மாதம் திறந்தார்கள். பெயர், வெஸ்ட் இந்தியா டொக்.

குளத்தின் வடகரையில் களஞ்சியங்கள். ஜோர்ஜ் க்வில்ட் என்ற கட்டடக் கலைஞரும் அதே பெயர் கொண்ட அவர் மகனும் வரைந்தது. மொத்தம் ஒன்பது பெரிய கட்டடங்கள், ஒன்றையொன்று ஒட்டிய மாதிரி வரிசையாக, ஏறத்தாழ அரை மைல் நீளம். நம் லயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள் போகின்றன அல்லவா? அந்த மாதிரி ஒரு லயம், ஆனால் பல மாடி உயரத்தில், அரை மைல் நீளத்தில், செங்கல்லில், சீனிக்காக.

செங்கல் சுவர் நல்ல தடிப்பு. உள்ளே மரத்தளம், மரத்தூண்கள். கட்டிப் பத்துப் பதினைந்து வருடத்துக்குள் மரத்தூண்கள் பாரம் தாங்காது என்று கண்டு, வார்ப்பிரும்புத் தூண்களைப் போட்டார்கள். தூணை வெட்டிப் பார்த்தால் சிலுவை வடிவத்தில் இருக்கும். இரும்பைக் குறைத்துப் பலத்தைக் கூட்டும் வழி அது. பாரம் என்றால் எவ்வளவு பாரம்? சீனி வந்தது பெரிய மரப் பீப்பாயில். ஒரு பீப்பாய் அறுநூறு எழுநூறு கிலோ வரும். நம் கொழுந்து லொறியிலிருந்து ஒரு சாக்கை இறக்குவதே சிரமம். அந்த எடையை ஒருவன் தூக்க முடியாது, உருட்டத்தான் முடியும். அதனால் கீழ்த்தட்டுகளில் சீனி, மேல்தட்டுகளில் கோப்பி மாதிரி எடை குறைந்த சாமான். குளத்தைப் பார்த்த பக்கத்தில், ஒவ்வொரு தட்டிலும் ஒன்றுக்கு மேல் ஒன்றாகக் கதவுகள் இருக்கும். கதவுக்கு வெளியே நிலம் கிடையாது, வெறும் ஆகாயம்தான். சுவரில் பொருத்திய பாரந்தூக்கி சரக்கை மேலே இழுத்துக் கொடுக்கும், கதவருகே நிற்பவன் கைநீட்டி உள்ளே வாங்குவான். கால் தவறினால் அவ்வளவுதான். கட்டடத்தில் அழகு என்று பார்க்க வருபவர்கள் அந்தக் கதவு வரிசையைத்தான் படம் பிடிக்கிறார்கள். உண்மையில் அழகாகத்தான் இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை.

நெருப்புக்கும் பயம். சீனி எரியும், ரம் எரியும். அதனால் கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் இடையில் செங்கல் சுவர் வைத்துப் பிரித்தார்கள். ரம்மை இந்தப் பக்கமே விடவில்லை, தூரத்தில் தனி இடம். ஒரு லயத்தில் ஒரு காம்பிராவில் நெருப்புப் பிடித்தால் கூரை வழியாக ஓடி இருபது குடும்பங்களும் தெருவுக்கு வந்துவிடுவதை நாம் எத்தனை தடவை பார்த்துவிட்டோம். காம்பிராவுக்கும் காம்பிராவுக்கும் இடையில் சுவர் கூரை வரை எழும்ப வேண்டும் என்பது பெரிய விஞ்ஞானமில்லை. 1802இல் சீனிக்கு அந்த விஞ்ஞானம் தெரிந்திருந்தது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். கீழ்த்தட்டு ஜன்னல்களில் கூர்முனை வைத்த இரும்புக் கம்பிகள். டொக்கைச் சுற்றி 20 அடி உயரச் சுவர். அந்தச் சுவருக்கு வெளியே 12 அடி அகலம், 6 அடி ஆழத்துக்கு அகழி. ராஜாக்கள் கோட்டைக்குத்தான் அகழி வெட்டுவார்கள் என்று நாம் பாடப் புத்தகத்தில் படித்தோம். இங்கே சீனிக்கு வெட்டினார்கள். காவலுக்குத் துப்பாக்கிக்காரர்கள். வேலை முடிந்து வாசலைக் கடக்கும் கூலிக்காரனைத் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள்.

யாருக்குப் பயந்து இந்த ஏற்பாடு? கடற்கொள்ளைக்காரன் லண்டனுக்குள் வரப்போவதில்லை. பயம் முழுக்க, அந்தப் பீப்பாயை உருட்டியவனுக்குத்தான். அதன் வரலாறும் சுவையானது. ஆற்றில் சரக்கு இறக்கிய காலத்தில், பீப்பாய் கசிந்து தரையில் சிந்திய சீனியைக் கூட்டி அள்ளி வீட்டுக்குக் கொண்டுபோவது கூலிக்காரர்களின் வழக்கம். கூலி குறைவு, அதை இப்படிச் சரிக்கட்டினார்கள். அது தங்கள் பாத்தியம் என்றே நினைத்தார்கள். எவரும் தடுக்கவுமில்லை. பிறகு பட்ரிக் கொல்கூன் என்ற நீதவான் இதெல்லாம் களவு என்று கணக்குப் போட்டு எழுதினார். மேற்கிந்தியச் சீனி வியாபாரிகள் பணம் கொடுக்க, 1798இல் ஆற்றுக்கென்று தனிப் பொலிஸ் உருவானது. அதே வருடம் அந்தப் பொலிஸ் நிலையத்தைக் கூலிக்காரர்கள் முற்றுகையிட்டுக் கலவரமும் நடந்தது. நேற்று வரை வழக்கம், இன்று முதல் களவு. இடையில் மாறியது தொழிலாளி இல்லை, சட்டம். கூலியைக் கூட்டிக் கொடுத்துவிட்டு வழக்கத்தை நிறுத்தியிருந்தால் பேச இடமில்லை. கூலி அப்படியே இருந்தது, சுவர்தான் உயர்ந்தது. மலையில் காய்ந்து விழுந்த மிலாறு விறகைப் பொறுக்கியதற்கு விசாரணைக்குப் போன கதை தெரிந்தவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறீர்கள். அதனால் இதை நான் நீட்டவில்லை.

கட்டடத்தின் இன்னொரு வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும், அது கண்ணுக்குத் தெரியாது. களஞ்சியம் என்றால் சாமான் வைக்கும் இடம் என்று நினைக்கிறோம். வியாபாரிக்கு அது காத்திருக்கும் இடம். விலை இறங்கியிருக்கிறதா, சீனி உள்ளே இருக்கட்டும். விலை ஏறட்டும், பிறகு விற்கலாம். 1803இல் வந்த ஒரு சட்டத்தால், சரக்கு களஞ்சியத்தை விட்டு வெளியேறும் நாளில்தான் அரசாங்கத் தீர்வை கட்டினால் போதும் என்றானது. பீப்பாய் உள்ளே கிடக்கும், அதற்கான பத்திரம் வியாபாரியின் கையில் இருக்கும். பத்திரத்தைக் காட்டிக் கடன் வாங்கலாம், பத்திரத்தையே கைமாற்றி விற்கலாம். பீப்பாய் ஒரு அங்குலம் அசையாமலே பலர் கைக்கு மாறிவிடும். அதற்குத்தான் தடித்த சுவர், நெருப்புச் சுவர், அகழி எல்லாம். சரக்கு எத்தனை மாதமும் காத்திருக்கலாம், ஒன்றும் ஆகாது. ஆனால் அதை இறக்கியவன் இன்றைக்குக் கூலி கிடைக்காவிட்டால் இன்றைக்கே பட்டினி. முதலாளிக்கும் தொழிலாளிக்கும் பேச்சுவார்த்தை நடக்கும்போது யாருக்குக் காத்திருக்க முடியும் என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது. எந்த மேசையிலும் இதுதான் நடக்கிறது. நம் மேசையில் வேறு ஒரு சங்கடமும் உண்டு. கொழுந்து காத்திருக்காது, மலை முற்றிவிடும், துரைமாருக்கு அது தெரியும். நம்மாலும் காத்திருக்க முடியாது, அதுவும் அவர்களுக்குத் தெரியும்.

அந்தச் சீனியை விளைவித்தவர்கள் யார்? ஆபிரிக்காவிலிருந்து பிடித்துக் கொண்டுபோய் ஜமேக்கா, பார்படோஸ் போன்ற தீவுகளில் விற்கப்பட்ட அடிமைகள். கரும்புத் தோட்டத்தில் வெட்டி, ஆலையில் பிழிந்து, காய்ச்சி, பீப்பாயில் அடைத்தவர்கள் அவர்கள். இந்த டொக்கைக் கட்ட முன்னின்ற ரொபர்ட் மில்லிகன் என்ற வியாபாரி 1809இல் இறந்தபோது, ஜமேக்காவில் அவர் தோட்டங்களில் 526 அடிமைகள் இருந்தார்கள் என்று கணக்கு இருக்கிறது. பீப்பாய்க்கும் கணக்கு, மனிதனுக்கும் கணக்கு, ஒரே மாதிரிப் புத்தகத்தில்.

1833இல் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின்படி 2 கோடி பவுண் நட்டஈடு கொடுத்தார்கள். யாருக்கு? அடிமைகளின் சொந்தக்காரர்களுக்கு. அடிமையாக இருந்தவர்களுக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை. மேலும் சில வருடம் 'பயிற்சி' என்ற பெயரில் அதே எஜமானுக்கு வேலை செய்ய வேண்டியிருந்தது, 1838இல்தான் உண்மையில் விடுபட்டார்கள்.

நம் கதையும் இங்கேதான் வந்து சேர்கிறது. அடிமைகள் விடுபட்டதும் தோட்டங்களுக்கு வேறு ஆள் தேவைப்பட்டது. 1838இலிருந்து இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றினார்கள். சில வருடம் கழித்து மதராஸிலிருந்தும் கப்பல்கள் போயின, அதில் நம் தமிழர்களும் இருந்தார்கள். மேற்கிந்தியத் தீவுகளில் கோப்பி விழுந்தது, இலங்கையில் கோப்பி எழுந்தது. ஜமேக்காவில் கோப்பித் தோட்ட முறையைப் பழகிய ரொபர்ட் பாய்ட் டைட்லர் என்ற வெள்ளைக்காரர் 1837இல் இங்கே வந்து அந்த முறையைக் கொண்டுவந்தார். நம் முப்பாட்டனார்கள் இராமநாதபுரத்திலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் மன்னார் வழியாகக் காட்டில் நடந்து வந்தது அந்தக் கோப்பிக்காகத்தான். கோப்பியை நோய் தின்ற பிறகுதான் தேயிலை. நாம் தேயிலைத் தொழிற்சாலையை இன்றைக்கும் 'ஸ்டோர்' என்றுதானே சொல்கிறோம்? அங்கே சாமான் வைப்பதில்லை, தேயிலை அரைக்கிறோம். ஆனாலும் ஸ்டோர். அது கோப்பிக் காலத்துப் பேச்சு. கோப்பிக் கொட்டையைச் சுத்தம் பண்ணி அடைத்து வைத்த கட்டடத்துக்கு இருந்த பெயர், கோப்பி போன பிறகும் நம் வாயில் தங்கிவிட்டது.

இனி கட்டடத்தின் வாசலுக்கு வருவோம். டொக்கில் நிரந்தர வேலைக்காரர்கள் கொஞ்சப் பேர்தான். மற்றவர்கள் அன்றாடக் கூலிகள். காலையில் வாசலில் கூட்டமாக நிற்பார்கள். கங்காணி மாதிரி ஒருவர் வந்து ஆளைப் பொறுக்குவார். நமக்குப் பிரட்டுக்களம் என்றால் பேர் கூப்பிடுவார்கள், அங்கே பேரும் கிடையாது, விரலால் காட்டுவார்கள். காட்டப்பட்டவன் உள்ளே போவான். மற்றவன் அடுத்த கூப்பிடுதலுக்காக அங்கேயே நிற்பான், நாளுக்குப் பல தடவை கூப்பிடுவார்கள். உள்ளே போனவனுக்கும் ஒரு மணித்தியாலம் இரண்டு மணித்தியாலம் வேலை கொடுத்து வெளியே அனுப்பிவிடலாம். கூலி மணிக்கு 5 பெனி. இத்தோடு 'பிளஸ்' என்று ஒன்று இருந்தது. கப்பலைக் குறித்த நேரத்துக்கு முன்னால் இறக்கி முடித்தால் கொஞ்சம் மேலதிகம். நம் மேலதிகக் கிலோக் காசு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு யார் கையில் இருந்ததோ அவர் சொன்னதுதான் பிளஸ்.

லண்டனில் தேயிலை வைக்கும் களஞ்சியங்களும் இருந்தன. கட்லர் தெரு என்ற இடத்தில் கிழக்கிந்தியக் கம்பனி கட்டிய பெரிய தேயிலைக் களஞ்சியம் ஒன்று. 1887இல் அங்கே தேயிலைப் பெட்டி சுமந்தவர்கள் தகராறு பண்ணியபோது ஒரு சிறு சங்கம் பிறந்தது. அதன் பெயர் தேயிலைத் தொழிலாளர் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம். செயலாளர் பென் டில்லெட், தானும் தேயிலைக் களஞ்சியத்தில் வேலை செய்தவர். பேசும்போது திக்குவார். மேடை ஏறவே வெட்கப்பட்டவர் என்கிறார்கள். நம் வகுப்பில் பேசச் சொன்னால் பின்வரிசைக்கு ஓடும் தம்பிமார் இதைக் குறித்துக்கொள்ளலாம். தேயிலையின் அந்தக் கரையிலும் முதலில் எழும்பியது தேயிலை சுமந்தவர்களின் சங்கம் என்பதை நான் படித்தபோது எனக்கே புதிதாக இருந்தது. நாம் பறித்ததைச் சுமந்தவர்கள் என்று சொல்லவில்லை. அந்தக் காலத்தில் சீனத் தேயிலையும் அசாம் தேயிலையும்தான் அதிகம், இலங்கைத் தேயிலை அப்போதுதான் தலைகாட்டுகிறது.

1889 ஆகஸ்ட் 14. வடகரைக் களஞ்சியங்களுக்குச் சொந்தமான அதே கம்பனியின் தெற்கு டொக்கில் 'லேடி ஆம்ஸ்ட்ரோங்' என்ற கப்பலை இறக்கும்போது பிளஸ் காசில் தகராறு. வேறு டொக்குக்குப் போகும் கப்பல்களைத் தங்கள் பக்கம் இழுக்கக் கம்பனி பிளஸைக் குறைத்திருந்தது. ஆட்கள் வெளியே வந்தார்கள். டில்லெட்டைக் கூப்பிட்டார்கள். கோரிக்கை எளிமையானது. மணிக்கு 6 பெனி. மேலதிக நேரத்துக்கு 8 பெனி. வேலைக்கு எடுத்தால் குறைந்தது நான்கு மணித்தியாலக் கூலி. இந்த மூன்றாவதை நன்றாகக் கவனியுங்கள். ஒரு பெனி கூட்டிக் கேட்டதைத்தான் சரித்திரம் ஞாபகம் வைத்திருக்கிறது. ஆனால் வாசலில் நின்றவனுக்குப் பெரிய விஷயம் அந்த நான்கு மணித்தியாலம். 'அரைப் பேர்' போட்டு அனுப்பப்பட்டவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

சில நாளில் லண்டன் துறைமுகமே நின்றது. நிரந்தரத் தொழிலாளியும் தொழில் தெரிந்த கப்பல் ஆட்களும் சேர்ந்துகொண்டார்கள். ஜோன் பேர்ன்ஸ், டொம் மான் போன்ற தலைவர்கள் வந்தார்கள். கார்ல் மார்க்ஸின் மகள் எலினோர் மார்க்ஸ் எழுத்து வேலைகளைச் செய்தார். நாளாந்தம் நகரத்துக்குள் ஊர்வலம். ஒரு கம்பில் அழுகிய மீன் தலை, வெங்காயம் இதெல்லாம் குத்திக் கொண்டுபோனார்கள். டொக் தொழிலாளி வீட்டுச் சாப்பாடு இதுதான் என்று பணக்காரத் தெருவில் காட்டினார்கள். கூட்டத்தில் எவரும் கல் எறியவில்லை, கடை உடைக்கவில்லை. அதனால்தான் ஊரும் அவர்கள் பக்கம் சாய்ந்தது.

முன்னே சொன்னேன், யாருக்குக் காத்திருக்க முடியும் என்பதுதான் விஷயம் என்று. இரண்டு வாரத்தில் தொழிலாளர் குடும்பங்களில் பட்டினி. கம்பனி காத்திருந்தது. அப்போது அவுஸ்திரேலியாவிலிருந்து தொழிலாளர்களும் சங்கங்களும் பணம் அனுப்பத் தொடங்கினார்கள். மொத்தம் 30,000 பவுண் அளவில் வந்தது. அந்தக் காலத்தில் அது சின்னத் தொகையில்லை. கடலுக்கு அப்பால் இருந்து, முகம் தெரியாதவர்கள் அனுப்பிய அந்தக் காசுதான் முதல் தடவையாகத் தொழிலாளிக்கும் காத்திருக்கும் பலத்தைக் கொடுத்தது. கப்பல்கள் ஆற்றில் நின்றன. சரக்கு பழுதாகத் தொடங்கியது. களஞ்சியத்துக்குள் போன சீனிக்குப் பயமில்லை, ஆனால் களஞ்சியத்துக்குள் போக முடியாத இறைச்சிக்கும் பழத்துக்கும் எந்தச் சுவரும் உதவாது. கர்தினால் மானிங் என்ற வயோதிபத் துறவி நடுவில் நின்று பேசினார். செப்டெம்பர் 16 வேலைக்குத் திரும்பினார்கள். 6 பெனி நவம்பர் 4 முதல். நான்கு மணித்தியாலம் உறுதி, அதாவது வாசலைத் தாண்டினால் குறைந்தது 2 ஷில்லிங். டில்லெட்டின் சிறிய தேயிலைச் சங்கம் பெரிய டொக் தொழிலாளர் சங்கமானது. ஆனால் ஒன்றையும் கூட்டிச் சொல்லக்கூடாது. வாசலில் நின்று ஆள் பொறுக்கும் வழக்கம் அதோடு போய்விடவில்லை. அதன் பிறகும் பல பத்து வருடம் நீடித்தது.

கட்டடத்துக்கு என்ன நடந்தது? 1940 செப்டெம்பரில் ஜெர்மன் குண்டு வீச்சில் வரிசையின் பெரும்பகுதி எரிந்து விழுந்தது. மேற்குப் பக்கத்தில் இரண்டு கட்டடம்தான் மிச்சம். பெரிய கொள்கலன் கப்பல்கள் வந்த பிறகு அந்தக் குளத்துக்கு வேலையில்லாமல் போய், 1980இல் டொக்கை மூடினார்கள். இன்று பக்கத்தில் கண்ணாடிக் கோபுரங்களில் வங்கிகள். அந்த இடம் கனரி வார்ஃப் என்று உலகம் முழுக்கத் தெரியும். முதலாம் இலக்கக் களஞ்சியம் 2003இல் அருங்காட்சியகமானது. தொடக்கத்தில் சீனியின் கதைக்கு அங்கே போதிய இடம் இருக்கவில்லை. 2007இல்தான் சீனியையும் அடிமை முறையையும் பற்றி ஒரு பெரிய பகுதி திறந்தார்கள். அதே மாடியில், அதே தூண்களுக்கு நடுவில். வாசலுக்கு எதிரே மில்லிகனின் சிலை நின்றது. 2020 ஜூன் 9ஆம் திகதி அதைப் பாரந்தூக்கி வைத்து எடுத்துவிட்டார்கள். அந்த வாசலில் சரக்கு ஏற்றி இறக்கியவர்களின் பிள்ளைகளும், தீவுகளிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் வருடக்கணக்கில் கேட்டதால்தான் இதெல்லாம் நடந்தது. தானாக எந்த அருங்காட்சியகமும் சுவரில் எழுதாது.

நமக்கும் ஒரு முன்மாதிரி இருக்கிறது. கம்பளைப் பக்கம் ஓல்ட் பீகொக் தோட்டத்தில், பழைய லயத்திலேயே, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் இருக்கிறது. துரை பங்களா இல்லை, லயம். உள்ளே வைத்திருப்பது நம் வீட்டுச் சாமான்கள். பாடசாலைப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஹந்தானைக்கும் கூட்டிக்கொண்டு போங்கள், இயந்திரங்களைப் பார்க்கட்டும். இரண்டையும் பார்த்த பிள்ளைக்கு இடையில் என்ன விடுபட்டிருக்கிறது என்று தானே தெரியும்.

இனி வேலைக்கு வருகிறேன். அடுத்த வகுப்புக்கு வரும்போது ஒவ்வொரு தோட்டத்திலிருந்தும் எனக்கு ஒரு கொப்பி வேண்டும். உங்கள் லயத்தில் எத்தனை காம்பிரா, ஒன்றின் நீளம் அகலம் எத்தனை அடி. பத்துக்குப் பன்னிரண்டு என்று வாயால் சொல்கிறோம், நாடாவைப் பிடித்து அளந்து எழுதுங்கள். நடுச்சுவர் கூரை வரை போகிறதா, பாதியில் நிற்கிறதா. ஜன்னல் எத்தனை. கூரைத் தகரம் கடைசியாக எப்போது மாற்றியது. ஸ்டோரில் எத்தனை மாடி, வாசல் எத்தனை, தொழிலாளி வரும் வாசல் எது, துரை வரும் வாசல் எது. கொழுந்து மடுவம் எந்தப் பக்கம் பார்த்துக் கட்டியிருக்கிறது, மழைக்கு நிற்பவர்களுக்குக் கூரை இருக்கிறதா, தராசுக்கு மட்டும் இருக்கிறதா. பழைய பிரட்டுக்களம் எது, இப்போது அங்கே என்ன இருக்கிறது. உயரமான இடத்தில் எது, பள்ளத்தில் எது என்று ஒரு படமும் கீறுங்கள். அழகாக இருக்கத் தேவையில்லை, பிள்ளைகளிடம் கொடுத்தால் அவர்களே கீறுவார்கள்.

பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்குப் போய் உட்காருங்கள். ஸ்டோரில் வேலை செய்தவர்கள், சல்லடையில் நின்றவர்கள், அடுப்பில் நின்றவர்கள் யார் யார் என்று கேட்டு எழுதுங்கள். எந்த வருடம் எந்த லயத்தில் பிறந்தோம் என்று சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே எழுதுங்கள். வீட்டுக்கு உறுதி கேட்கும்போது, எத்தனை தலைமுறை இங்கே இருந்தாய் என்று காரியாலயத்தில் கேட்கிறார்கள். பிறப்புச் சான்றிதழில் விலாசம் என்று தோட்டத்துப் பெயர் மட்டும்தான் இருக்கும், லயத்து இலக்கம் இருக்காது. இந்தக் கொப்பி அந்த மேசைக்கும் போகும்.

பென்சில், நாடா, கொப்பி மூன்றும் சங்கம் தரும். மாதர் சங்கத் தலைவிமார் போகும்போது கதவருகே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போங்கள். தேத்தண்ணி தயாராக இருக்கிறது. கேள்வி இருப்பவர்கள் இப்போது கேட்கலாம்.